கணனித் திரை இருண்டால் கலங்க வேண்டாம்

வயலையும் குளத்தையும் ஆடு மாட்டையும் பற்றி எழுதும் இந்த ஏட்டில் கணனிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. பல தடவை இடம்பெயர்ந்து, இன்று சொந்தக் காணியிலோ வேற்றூரிலோ வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் பலவற்றிலும் வீட்டு மூலையில் ஒரு கணனி இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள உறவினர் வாங்கித் தந்ததாக இருக்கலாம். யாரோ பாவித்துக் கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். 2020ஆம் ஆண்டு கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு அது கொப்பியைப் போல, பேனையைப் போல அவசியமான பொருளாகிவிட்டது.

இந்தக் கணனியின் திரை ஒருநாள் இருண்டு நின்றால் வீட்டில் கவலை சூழ்ந்துவிடுகிறது. பிள்ளையின் பாடம் போயிற்று என்பது ஒரு கவலை. அதிலும் பெரிய கவலை இன்னொன்று உண்டு. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், காணாமற்போன பிள்ளையின் புகைப்படம் என்று பிரதி எடுத்துக் கணனியில் சேர்த்து வைத்தவை எல்லாம் அழிந்துவிட்டனவோ என்ற பயமே அது. மூலப் பத்திரங்களை இடப்பெயர்வின்போது தொலைத்தவர்களுக்கு இந்தப் பிரதிகளின் பெறுமதி என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை.

எனவே முதலில் ஒன்றை மனதிற் பதித்துக் கொள்ளுங்கள். திரை இருண்டுபோனால் கணனிக்குள் இருப்பது அழிந்துவிடாது. பெரும்பாலான வேளைகளில் திரையும் பழுதாவதில்லை. ஒரு வயர் கழன்றிருக்கும், ஒரு பியூஸ் எரிந்திருக்கும், ஒரு பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருக்கும். இவற்றை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வீட்டிலுள்ளவர்களே போதும். அப்படிச் சோதிக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

திரை வேறு, பெட்டி வேறு

மேசைக் கணனியில் இரண்டு முக்கிய பாகங்கள் உண்டு. ஒன்று பெட்டி. இதைச் சி.பி.யு. என்பார்கள். மற்றது மொனிற்றர் எனப்படும் திரை. எழுதியவை, படங்கள், பத்திரங்கள் அனைத்தும் பெட்டிக்குள் உள்ள தட்டில் சேமிக்கப்படுகின்றன. திரைக்குள் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. பெட்டி அனுப்பும் படத்தைக் காட்டுவது மட்டுமே அதன் தொழில். திரையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினாலும் உங்கள் பத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

திரைக்குப் பின்னால் இரண்டு வயர்கள் வருகின்றன. ஒன்று சுவரிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு வருவது. மற்றது பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டு வருவது. இதை ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்கால்களில் தண்ணீர் வருவது போல எண்ணிக் கொள்ளுங்கள். வயல் காய்ந்து கிடந்தால் நீங்கள் உடனே குளக்கட்டை வெட்டுவீர்களா? மாட்டீர்கள். துருசு திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்காவது உடைந்திருக்கிறதா, மடை அடைபட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழாக நடந்து பார்ப்பீர்கள். இருண்ட திரைக்கும் அதே நடைதான். முதலில் மின்சார வாய்க்கால். அது சரியென்றால் பட வாய்க்கால். இரண்டும் சரியென்றால் மாத்திரமே திரையில் பழுது எனக் கொள்ள வேண்டும்.

தொடுவதற்கு முன்

எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். அது ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே கை உலர்ந்திருக்க வேண்டும், நிலம் ஈரமாக இருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்க வேண்டும். இடி முழக்கம் கேட்கும் நேரத்தில் எந்த வயரையும் தொட வேண்டாம். பிளக்கைக் கழற்றும்போது முதலில் சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்திவிட்டு, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். எரிந்த மணம் வந்தாலோ புகை தெரிந்தாலோ சுவிச்சை நிறுத்துங்கள். அதன் பின் சோதனை எதுவும் வேண்டாம். திருத்துபவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

திரையின் பின்மூடியை ஒருபோதும் கழற்றாதீர்கள். பின்புறம் பெரிதாகப் புடைத்திருக்கும் பழைய குழாய்த் திரைக்குள் 20,000 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உருவாகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது உள்ளே தங்கி நிற்கக்கூடும். மெல்லிய தட்டைத் திரையின் உள்ளேயும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பாகம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 325 வோல்ற் வரை நிற்கும். இளைஞர்கள் ஆர்வத்தினால் திருப்புளியை எடுப்பது இயல்பு. பெற்றோர் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்லும் சோதனைகள் அனைத்தும் மூடியைத் திறக்காமற் செய்யக்கூடியவை.

சிறு விளக்கு சொல்லும் செய்தி

திரையின் முன்பக்க விளிம்பிலோ அடிப்பக்கத்திலோ கடுகளவு விளக்கொன்று இருக்கும். சோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். திரையின் பொத்தானை ஒருதரம் அழுத்திவிட்டு அந்த விளக்கைப் பாருங்கள்.

விளக்கு எரியவே இல்லையென்றால் திரைக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. மின்சார வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

விளக்கு செம்மஞ்சள் நிறத்தில் எரிந்தாலோ மெதுவாக விட்டுவிட்டு எரிந்தாலோ, பெரும்பாலும் மின்சாரம் வந்திருக்கிறது, படம் வரவில்லை என்பது பொருள். பட வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

விளக்கு நீலம், பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் நிலையாக எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், படமும் வந்திருக்கலாம், அதைக் காட்டும் உள்வெளிச்சம் இல்லாமலிருக்கலாம். நிறங்கள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆகவே திரை நன்றாக வேலை செய்யும் நாட்களில் விளக்கின் நிறத்தைப் பார்த்து வைத்துக் கொள்வது நல்லது.

விளக்கே எரியாவிட்டால்

1. சுவர்ப் பிளக்கைச் சோதியுங்கள். திரையின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கைத்தொலைபேசிச் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் பழுது சுவரில் இருக்கிறது. வீட்டின் ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரென்சன் வயர் பாவிப்பவர்கள் அதை விலக்கிவிட்டு நேரே சுவரிற் செருகிப் பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரென்சன் வயரின் உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் தளர்ந்து, செருகிய பிளக்கோடு தொடுகை இல்லாமற் போவது அடிக்கடி நடப்பதாகும்.

2. பியூஸைப் பாருங்கள். சதுர முள்ளுள்ள 13 அம்பியர் பிளக்குகளின் உள்ளே சிறு பியூஸ் ஒன்று உண்டு. அது எரிந்திருந்தால் திரை உயிர் பெறாது. 20 அங்குலத் தட்டைத் திரை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 வாற் மின்சாரமே தேவை. இது 230 வோல்ற்றில் அம்பியரின் ஏழில் ஒரு பங்கு அளவுதான். எனவே 3 அல்லது 5 அம்பியர் பியூஸ் தாராளமாகப் போதும். பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது வீட்டை எரிக்கும் வேலை. புதிய பியூஸும் உடனே எரிந்தால் மேலே ஒன்றும் செய்யாமல் திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள்.

3. வயரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான திரைகளுக்கும் பெட்டிக்கும் மின்சாரம் கொண்டு செல்வது ஒரே வகை வயர். மூன்று துவாரமுள்ள கறுப்புத் தலையை உடையது. பெட்டி வேலை செய்கிறதென்றால் பெட்டியை முறைப்படி நிறுத்திவிட்டு, அதன் வயரைக் கழற்றித் திரைக்குப் போடுங்கள். திரை எரிந்தால் பழுது பழைய வயரில்தான். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. வயரின் தலையை இறுதிவரை அழுத்திச் செருக வேண்டும். மேசையை இழுக்கும்போதும் கூட்டித் துடைக்கும்போதும் அது அரை அங்குலம் கழன்று, பார்வைக்குச் செருகியதைப் போலவே நிற்கும்.

4. சில திரைகள் நேரடியாக 230 வோல்ற்றை எடுப்பதில்லை. அவற்றுக்கு மடிக்கணனிக்கு உள்ளதுபோல ஒரு கறுப்பு அடப்ரர் இருக்கும். அடப்ரரில் சிறு விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். அடப்ரர் பழுதென்றால் புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். அதில் எழுதியிருக்கும் வோல்ற் அளவு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். 12 வோல்ற் கேட்கும் திரைக்கு 19 வோல்ற் கொடுத்தால் திரை போய்விடும். அம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் நேர், மறை எந்தப் பக்கம் என்ற அடையாளமும் ஒத்திருக்க வேண்டும்.

5. பொத்தானைப் பாருங்கள். சில திரைகளின் பின்புறத்தில் கோடும் வட்டமும் போட்ட இன்னொரு சுவிச் இருக்கும். கோட்டின் பக்கம் அழுத்தியிருந்தால்தான் மின்சாரம் போகும். முன்பக்கப் பொத்தான் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் அடிவிளிம்பில் இருக்கும். விரலால் தடவிப் பார்த்து, இரண்டு செக்கன் அழுத்திப் பிடியுங்கள்.

6. இத்தனையும் செய்தும் எரியாவிட்டால் திரையின் மின்வயரையும் பட வயரையும் கழற்றுங்கள். பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பின்னர் மின்வயரை மாத்திரம் செருகி அழுத்திப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் விறைத்து நின்ற சில திரைகள் இப்படி மீண்டும் எழும்பும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பொருட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திரையின் பின்னால் ஒட்டியுள்ள துண்டில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருந்தால் எமது மின்சாரத்துக்கு ஏற்றது. 110 அல்லது 120 வோல்ற் என்று மாத்திரம் எழுதியிருந்தால் நேரே செருகவே கூடாது. பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி இருக்கும். அது எப்போதும் 230 பக்கமே இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக அதை 115 பக்கம் தள்ளிவிட்டால், சுவிச்சைப் போட்ட கணமே பெட்டியின் மின்பகுதி வெடித்துப் போகும்.

சூரிய மின்கலத்தில் வேலை செய்யும் வீடுகளில், திரை எரிந்து உடனே அணைந்தால் பற்றரி இறங்கியிருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். பெட்டி, திரை இரண்டும் சேர்ந்து 100 முதல் 200 வாற் வரை கேட்கலாம். சிறிய இன்வேற்றர் அதைத் தாங்காது.

விளக்கு எரிந்தும் படம் வராவிட்டால்

இப்போது பட வாய்க்காலுக்கு வருவோம். இங்கே மிகப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. திரை எரிந்துகொண்டிருக்கும்போதே படம் கொண்டு வரும் வயரைத் திரையின் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான திரைகள் உடனே விழித்து, சிக்னல் இல்லை, வயரைச் செருகவும் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டம் காட்டும். அந்த எழுத்தைப் பெட்டி எழுதவில்லை, திரை தானே எழுதுகிறது. அது தெரிந்தால் திரை நலமாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பழுது வயரிலோ பெட்டியிலோதான். இதை அறியாமல் நல்ல திரையைப் போர்வையிற் சுற்றி, பஸ் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பணத்தையும் ஒரு நாள் கூலியையும் இழந்து வருகிறவர்கள் பலர்.

அடுத்து, பெட்டி உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். காற்றாடியின் சத்தம் கேட்கிறதா? முன்பக்க விளக்கு எரிகிறதா? கணனி சில வேளை தூங்கும் நிலையில் இருக்கும். விசைப்பலகையில் ஏதாவதொரு விசையைத் தட்டுங்கள். பெட்டி பீப், பீப் என்று விட்டுவிட்டு ஒலித்தால் அது தன் நோயைத் தானே சொல்கிறது. எத்தனை ஒலி, நீண்டதா குறுகியதா என்று எழுதி வைத்துக் கொள்ளுங்கள். திருத்துபவருக்கு அது உதவும்.

பின்பு வயரின் இரு முனைகளையும் பாருங்கள். நீல நிறத் தலையும் இரு பக்கத்தில் திருகாணியும் உள்ளது வி.ஜி.ஏ. வகை. அதில் மூன்று வரிசையில் 15 முட்கள் இருக்கும். ஒரு முள் வளைந்தாலும் படம் வராது, அல்லது நிறம் மாறி வரும். வளைந்த முள்ளை, மை முடிந்த பேனைக் குழாயின் நுனியால் மெல்ல நிமிர்த்தலாம். பலவந்தம் செய்தால் முறிந்துவிடும். சில வயர்களில் நடுவரிசையில் ஒரு முள் தொழிற்சாலையிலேயே வைக்கப்படுவதில்லை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தட்டையான சிறு தலையுள்ளது எச்.டி.எம்.ஐ. வகை. அதைக் கழற்றி மீண்டும் இறுகச் செருகுங்கள். அயல்வீட்டில் அதே வகை வயர் இருந்தால் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பெட்டியின் பின்னால் படவயர் செருகும் இடம் சிலவற்றில் இரண்டு இருக்கும். ஒன்று மேற்பகுதியில், மற்றது கீழே படுக்கையாக உள்ள தனித் தகட்டில். தனித்தகடு இருந்தால் பெரும்பாலும் அதிற்தான் படம் வரும். மேலே செருகியவர்கள் கீழே மாற்றிப் பாருங்கள்.

திரையில் இன்புட் அல்லது சோர்ஸ் என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. எந்த வாசலால் வரும் படத்தைக் காட்டுவது என்பதைத் திரைக்குச் சொல்வது அது. வயர் வி.ஜி.ஏ. வாசலில் இருக்க, திரை எச்.டி.எம்.ஐ. வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தால் எத்தனை மணித்தியாலம் காத்திருந்தாலும் படம் வராது. பொத்தானை ஒவ்வொரு தரமாக அழுத்தி, ஒவ்வொரு வாசலிலும் ஐந்து செக்கன் பொறுத்துப் பாருங்கள்.

மடிக்கணனியோடு பெரிய திரையைத் தொடுப்பவர்கள், விண்டோஸ் அடையாளமுள்ள விசையை அழுத்திப் பிடித்துக் கொண்டு பி என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும். வரும் பட்டியலில் இரண்டாவதைத் தெரிவு செய்தால் இரண்டு திரைகளிலும் ஒரே படம் தெரியும்.

திரையில், அளவு பொருந்தவில்லை என்ற பொருளில் ஆங்கில வாசகம் வந்தால் அதுவும் திரையின் பழுதன்று. பெட்டி அனுப்பும் படம் பழைய திரையால் தாங்க முடியாத அளவில் இருக்கிறது. வேறொரு திரையைத் தொடுத்து, படத்தின் அளவைக் குறைத்துவிட்டால் சரியாகும்.

ரோச் லைற் சோதனை

விளக்கு நிலையாக எரிகிறது, பெட்டியும் ஓடுகிறது, ஆனால் திரை கறுப்பு. இப்படியென்றால் முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் அதைக் கடைசிவரை குறைத்துவிட்டிருக்கலாம். பயன் இல்லையென்றால் இரவில் அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்குச் சாய்வாக, அண்மையிற் பிடியுங்கள். மங்கலாகவேனும் எழுத்தோ படமோ தெரிந்தால், படம் வந்திருக்கிறது, அதன் பின்னாலுள்ள வெளிச்சம் மாத்திரம் பழுது. திரை இரண்டு செக்கன் படம் காட்டிவிட்டு அணைவதும் பெரும்பாலும் இதே பழுதைத்தான் காட்டும்.

விளக்கு மினுங்கி மினுங்கி அணைவதும், உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வருவதும் மின்பகுதியில் உள்ள கொள்ளளவிகள் ஊதிப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். சிறு உருளை வடிவான இவை விலை குறைந்த பாகங்கள். இவற்றை மாற்றுவதால் பல திரைகள் மீண்டும் எரிந்துள்ளன. எனவே இப்படிப்பட்ட திரையை உடனே குப்பையில் எறிய வேண்டாம்.

அவசரமாகப் பத்திரம் தேவைப்பட்டால்

பிரதேச செயலகத்தில் நாளைக்குக் காணிப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், திரையோ இருண்டு கிடக்கிறது. இப்படியான வேளையில் திரை திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டிலோ அயலிலோ உள்ள தட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வாசல் இருக்கும். சிலவற்றில் பி.சி. என்று எழுதிய வி.ஜி.ஏ. வாசலும் உண்டு. பெட்டியின் பட வயரை அதிற் செருகி, தொலைக்காட்சியின் ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி அந்த வாசலைத் தெரிவு செய்தால், கணனியின் படம் தொலைக்காட்சியில் தெரியும். மடிக்கணனியின் சொந்தத் திரை பழுதானவர்களும் இதையே செய்யலாம்.

படம் தெரிந்தவுடன் முக்கியமான பத்திரங்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, கணனி இருக்கும் வீட்டில் அல்லாமல் வேறோர் இடத்தில், நம்பிக்கையான உறவினரிடமோ பங்கு அலுவலகத்திலோ வைத்துவிடுங்கள். திரைப் பழுதினால் பத்திரம் அழியாது என்று சொன்னோம். ஆனால் பெட்டிக்குள் உள்ள தட்டும் ஒருநாள் பழுதாகலாம். வெள்ளமும் வரலாம். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பது, விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் வைத்திருப்பது போன்றது.

திருத்துபவரிடம் போகும்போது

சோதனைகளின் முடிவில் பழுது திரையில்தான் என்று தெரிந்தால் திரையை மாத்திரம் கொண்டு செல்லுங்கள். பெட்டியைக் கொண்டு செல்ல வேண்டாம். உங்கள் பத்திரங்களும் குடும்பப் படங்களும் அதற்குள் இருக்கின்றன. திரையைத் திருத்துவதற்கு அவை எவருக்கும் தேவையில்லை, கடவுச்சொல்லும் தேவையில்லை.

நீங்கள் செய்த சோதனைகளைத் துண்டொன்றில் எழுதிக் கொடுங்கள். வயரை மாற்றிப் பார்த்தோம், விளக்கு எரிகிறது, ரோச் லைற்றில் படம் தெரிகிறது என்று எழுதியிருந்தால் திருத்துபவருக்கு நேரம் மிச்சம். உங்களுக்குத் தெரியாதென்று எண்ணி ஏமாற்ற நினைப்பவரும் சற்று யோசிப்பார். வேலை தொடங்குமுன் பார்வைக் கட்டணம் எவ்வளவு, திருத்த எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். திருத்தும் செலவு, பாவித்த நல்ல திரையொன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் வேறு திரை வாங்குவதே இலாபம்.

பஸ்ஸில் கொண்டு செல்லும்போது திரையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, கண்ணாடிப் பக்கம் தலையணையிற் படும்படி வைத்துச் செல்லுங்கள்.

திருத்தவே முடியாதென்று கைவிட்ட திரையை எரிக்கவோ உடைக்கவோ காணிக்குள் புதைக்கவோ பாழ்கிணற்றில் போடவோ கூடாது. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. இவை மண்ணிலும் கிணற்று நீரிலும் கலந்தால் எமது பயிரும் பிள்ளைகளும் பாதிக்கப்படுவார்கள். இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

பழுது வருமுன் காப்பது

எமது நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர வேளையில் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கத் தொடங்கியதுமே பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். சுவிச்சை நிறுத்துவது மாத்திரம் போதாது. மின்னல் பாய்ச்சலுக்குச் சுவிச்சின் சிறு இடைவெளி ஒரு தடையன்று.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்வெட்டு எப்போது வந்தாலும் கணனியின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்ற் ஏறி இறங்கும். அது நிலைபெற ஐந்து, பத்து நிமிடம் விட்டுத்தான் மீண்டும் செருக வேண்டும்.

ஈரமும் பூச்சியும் திரைக்குப் பகை. தகரக் கூரை ஒழுகும் இடத்திலும் யன்னலோரத்திலும் திரையை வைக்க வேண்டாம். பாவிக்காத நேரத்தில் துணியால் மூடுங்கள், பாவிக்கும்போது துணியை முற்றாக எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சூடு வெளியேறாது. மூடியின் துவாரங்களால் எறும்பும் பல்லியும் உள்ளே போய்க் கூடு கட்டாதவாறு, மேசையில் பிள்ளைகள் உணவு உண்பதைத் தவிருங்கள். மாரிகாலம் முழுவதும் பாவிக்காமல் வைத்திருந்த திரையை உடனே மின்சாரத்திற் செருகாமல், நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் உலரவிட்டுப் பாவியுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்.

சுருக்கமாக

கீழ்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக் கணனி மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள்.

1. திரையின் சிறு விளக்கு எரிகிறதா?
2. அதே சுவர்ப் பிளக்கில் வேறு பொருள் வேலை செய்கிறதா?
3. பியூஸ் நலமா? பெட்டியின் மின்வயரைத் திரைக்குப் போட்டுப் பார்த்தோமா?
4. பட வயரைக் கழற்றியபோது திரை தானே எழுத்துக் காட்டியதா?
5. பெட்டி ஓடுகிறதா? பட வயரின் முட்கள் நேராக உள்ளனவா?
6. திரை சரியான வாசலைப் பார்க்கிறதா?
7. ரோச் லைற்றில் மங்கலான படம் தெரிகிறதா?

இந்த ஏழு கேள்விகளுக்கும் விடை காண அரை மணித்தியாலம் போதும். உங்கள் கிராமத்தில் படித்த இளைஞர் ஒருவரும் யுவதி ஒருவரும் இதைக் கற்றுக் கொண்டு, சனசமூக நிலையத்திலோ மறைக்கல்வி வகுப்பு முடிந்த பின்னரோ மற்றவர்களுக்குச் செய்து காட்டினால், ஊரில் துணி போர்த்தி மூலையிற் கிடக்கும் கணனிகள் சில மீண்டும் பிள்ளைகளின் கைக்கு வரும். நிலமும் வீடும் ஆவணமும் இழந்து மீண்டும் தொடங்கியவர்கள் நீங்கள். எஞ்சியிருக்கும் ஒரு பொருளை, பழுதென்று பிறர் சொல்லக் கேட்டுக் கைவிடுமுன், நீங்களே ஒருதரம் சோதித்துப் பாருங்கள்.